முறைத் தண்ணீரும் ஒற்றைத் தண்டவாளமும்

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று ஒரு பேச்சு நம் பக்கத்தில் இன்னும் உண்டு. கொஞ்சம் வயது குறைந்தவர்கள் அதையே எமர்ஜென்சிக்கு மாற்றிச் சொல்வார்கள். அந்த இரண்டு வருடம்தான் வண்டிகள் ஒழுங்காக ஓடின என்பார்கள். அவர்களுக்கும் இளையவர்கள் மீட்டர் கேஜ் வைகை எக்ஸ்பிரஸை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். மூன்று பேச்சிலும் உண்மையின் துணுக்கு இருக்கிறது. ஆனால் மூன்றிலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு வண்டிதான். அந்த ஒரு வண்டி நேரத்துக்குப் போவதற்காக எந்தெந்த ஸ்டேஷனில் எத்தனை வண்டிகள் ஒதுங்கி நின்றன என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மதுரையின் ரயில் வரலாற்றை அந்த ஒதுங்கி நின்ற வண்டிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும். வண்டி சொன்ன நேரத்துக்கு வருவது அதிகாரியின் கண்டிப்பாலோ இன்ஜினின் வேகத்தாலோ மட்டும் நடந்ததல்ல. யாருக்கு முதல் முறை, யாருக்குக் கடைசி முறை என்ற பங்கீட்டால் நடந்தது.

பங்கீடு என்றால் என்ன என்று மதுரைச் சமவெளிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது முதல், முறை வைத்துத் தண்ணீர் விடுவது இங்கே அன்றாட அரசியல். வாய்க்கால் ஒன்று, வயல் பல. தலைமடையில் கூடுதலாக ஒரு நாள் மடை திறந்திருந்தால் கடைமடையில் நாற்று காயும். ஒற்றைத் தண்டவாளத்திலும் இதே கணக்குத்தான். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கான உரிமைதான் அந்தக் காலத்து டோக்கன். வளையத்தில் கோத்த பைக்குள் ஓர் உலோக உருண்டை இருக்கும். ஓடுகிற இன்ஜினிலிருந்து கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டால்தான் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். எதிர்வண்டி வந்து சேராமல் டோக்கன் கிடைக்காது. வடமதுரைப் பக்கம் எதிர்வண்டி இருபது நிமிடம் பிந்தினால் அந்த இருபது நிமிடமும் திண்டுக்கல்லில் காத்திருக்கும் வண்டியின் தலையில் ஏறும். அந்த வண்டி அடுத்து அய்யலூரில் சந்திக்க வேண்டியிருந்த இன்னொன்றின் தலையில் அது போய் விடியும். கடன் கைமாறுவதுபோல் தாமதம் கைமாறிக்கொண்டே போகும். ‘கிராஸிங்குக்குப் போட்டுட்டான்’ என்று பயணிகள் சலித்துக்கொள்வது இந்தக் கைமாற்றைத்தான். ஒரு வண்டிக்கு மட்டும் அந்தக் கடன் ஒட்டக் கூடாது என்று மேலிடம் முடிவு செய்தால் வழி உண்டு. மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளமான லூப்பில் ஒதுக்கி நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875 செப்டம்பர் 1-இல். நான்கு மாதம் கழித்து, 1876 ஜனவரி 1-இல், பாதை தூத்துக்குடியைத் தொட்டது. கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரண்டு கம்பெனிகள் 1874-இல் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆகியிருந்தன. மேயோ பிரபு காலத்தில் செலவைக் குறைக்க அரசு தேர்ந்தெடுத்த மீட்டர் கேஜ்தான் இந்தப் பாதைக்கும் வாய்த்தது. நாகப்பட்டினம் - திருச்சி வழியில் ஏற்கெனவே போட்டிருந்த அகலப் பாதையையே பிடுங்கி மீட்டர் கேஜாகக் குறுக்கியவர்கள், மதுரைக்கு இரட்டைப் பாதை போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அன்றைய போக்குவரத்துக்கு ஒற்றைப் பாதை போதும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பாதை வந்த சூட்டோடு தாது வருடப் பஞ்சம் வந்தது. துறைமுகத்தில் இறங்கிய அரிசி உள்நாட்டுக்கு ஏற வேண்டியதும் இதே ஒற்றைக் கம்பியில்தான். அரிசி வண்டி முதலில் போனால் ஆள் வண்டி நிற்கத்தானே வேண்டும்! தொடக்க நாளிலிருந்தே இந்தப் பாதையில் யாருக்கு முதல் முறை என்ற கேள்வி இருந்துகொண்டேயிருக்கிறது.

ரயில் கொண்டுவந்த இன்னொரு பொருள் நிமிடம். அதற்கு முன்பு மதுரை நாழிகையில் வாழ்ந்த ஊர். ஒரு நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடம். கோயிலின் பூசை காலங்களும் சந்தைக் கூட்டமும் மாட்டுவண்டிப் பயணமும் அந்த அளவுக்குள் தாராளமாக அடங்கின. ரயிலோ சென்னை நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. இந்திய ரயில்வேக்கள் பொதுவாகக் கைக்கொண்டிருந்த நேரமும் அதுதான். 1905-06-இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. மதுரை சென்னைக்கு மேற்கே இரண்டு பாகைக்குச் சற்று அதிகமாகத் தள்ளியிருப்பதால், இங்கே உச்சிவெயில் சென்னைக்கு எட்டரை நிமிடம் பிந்தித்தான் வரும். சூரியனைப் பார்த்துக் கிளம்பியவனுக்கு வண்டி எப்போதும் எட்டு நிமிடம் முந்திப் போயிருக்கும். கடிகாரத்தை ரயிலைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள் என்ற பேச்சுக்கு இங்கே ஓர் எளிய விளக்கம் கிடைக்கிறது. வண்டி எவ்வளவு துல்லியமாக வந்தது என்பதற்கு அந்தப் பேச்சு சாட்சியே அல்ல. ஊருக்கு வேறு பொதுக் கடிகாரம் இல்லாதபோது, வண்டி எப்போது வந்ததோ அதுதானே நேரம்! ஸ்டேஷனுக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் நிற்கும் சத்திரம் ரயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. வண்டிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஊர் முன்கூட்டியே இடம் கட்டி வைத்திருந்ததாக வேடிக்கையாகச் சொல்லலாம்.

கம்பெனி காலத்தில் உண்மையிலேயே முதல் மரியாதை பெற்ற வண்டி போட் மெயில். எழும்பூரில் ஏறினால் தூத்துக்குடியில் கப்பல், அங்கிருந்து கொழும்பு. அந்தக் கப்பல் வழி எவ்வளவு லாபமுள்ளது என்பதற்கு 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், அதை ஒழிக்க எதிராளிகள் பட்ட பாடுமே போதிய சான்று. அதற்கு முன்பே, 1902-இல், மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை போட்டிருந்தார்கள். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கே நீராவிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில். ஒரே டிக்கெட்டில் கடலைத் தாண்டிய பயணம் அது. கப்பலும் எதிர்க்கரை ரயிலும் தபாலும் இந்த ஒரு வண்டியின் வருகையில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பிந்தவிடுவது கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. 1930 வாக்கில் புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நேர்ப்பாதை அமைந்தபோது, மதுரையைச் சுற்ற வேண்டிய தேவையே அந்த வண்டிக்கு இல்லாமல் போயிற்று. போட் மெயிலின் பெயரைச் சொல்லிப் பழங்காலப் புகழ் பாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதே தண்டவாளத்தில் மூன்றாம் வகுப்புக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நின்று போன பாசஞ்சருக்கு எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை. அது பிந்தினால் யாருக்கும் நஷ்டஈடு கிடையாது. மெயில் வண்டியிலேயே மூன்றாம் வகுப்பின் கதி எப்படி இருந்தது என்பதைக் காந்தி 1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பயணத்தை வைத்து ஒரு சிறு நூலாக எழுதினார். நம்பகமும் வகுப்புவாரியாகத்தான் விற்கப்பட்டது.

நேரத்துக்கு வருவதை மட்டுமே நம்பகம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே கடலூர், மாயவரம், தஞ்சாவூர் என்று சுற்றும் மெயின் லைனுக்குப் பதிலாக, 1920-களின் இறுதியில் விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைன் வந்தது. மதுரைக்கான தொலைவு குறைந்தது. ஒரு பாதை அடைபட்டால் மறுபாதையில் திருப்பிவிடும் வசதியும் கிடைத்தது. பெரிதாக யாரும் பேசாத இந்த இரண்டாவது பயன்தான் என் கணக்கில் முதன்மையானது. அதே கார்டு லைனில்தான் 1956 நவம்பர் 23 விடியற்காலை, மழைவெள்ளம் அரித்திருந்த மருதையாற்றுப் பாலத்தில் சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, புயலுக்குள் போன பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் பயணிகள் அனைவரோடும் கடலுக்கு இரையானது. இந்த இரண்டுக்கும் பக்கத்தில் 2023 டிசம்பர் 17 இரவை வைத்துப் பார்க்கலாம். தாமிரபரணிப் படுகையில் பெய்த பேய்மழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியே இல்லை. சுமார் எண்ணூறு பேர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கித் தவித்தார்கள். கடைசிப் பயணி வெளியேற இரண்டு நாளாயிற்று. அட்டவணைப்படி பார்த்தால் அது படுதோல்வி. ஆனால் அந்த வருடம் நம் பக்கத்தில் ரயில்வே செய்த மிக நம்பகமான காரியம் அந்த வண்டியை நிறுத்தியதுதான் என்பேன். ஆகவே எதிர்வாதத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். முழுதாக வந்து சேர்வது முதல் கடமை. ஆனால் அதை ஒப்புக்கொண்டதால், வெள்ளமும் புயலும் இல்லாத மற்ற நாட்களில் வண்டி சோழவந்தானில் ஏன் நிற்கிறது என்ற கேள்வி அடைபட்டுப் போவதில்லை.

எமர்ஜென்சிக் கதைக்கு வருவோம். 1974 மே மாதத்தில் இருபது நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. அடுத்த வருடம் எமர்ஜென்சி. பயந்த ஊழியர் நேரத்துக்கு வருவார், கொடியை நேரத்துக்குக் காட்டுவார் என்பது உண்மை. சோம்பலால் வரும் தாமதத்தைக் கண்டிப்பு குறைக்கும். ஆனால் வையம்பட்டிக்கும் மணப்பாறைக்கும் நடுவே எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளை ஒரே கம்பியில் ஒதுங்கிப் போகவைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. மதுரைக்காரர்கள் பெருமையோடு நினைக்கும் வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது 1977 ஆகஸ்ட் 15-இல். எமர்ஜென்சி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, ஜனதா ஆட்சி, மது தண்டவதே அமைச்சர். மீட்டர் கேஜில், அதுவும் டீசல் இன்ஜினில், 490 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவை ஏழு மணி நேரத்தைக் கொஞ்சமே தாண்டிக் கடந்தது அது. மணிக்கு 100 கிலோமீட்டர் வரை மீட்டர் கேஜில் ஓடலாம் என்று காட்டிய வண்டி. தொழில்நுட்பச் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைப் பாதையில் பட்டப்பகலில் அந்த ஏழு மணி நேரம் எங்கிருந்து வந்தது? வைகை சமயநல்லூரைத் தாண்டுமுன்பே எதிர்த்திசையில் வருவதெல்லாம் லூப்புக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும். சரக்கு வண்டிக்கும் பாசஞ்சருக்கும் அந்த வேளை கடைமடைதான். பங்கீடு தெளிவாக இருந்தது, மேலிருந்து கீழ்வரை எல்லோரும் அதை மதித்தார்கள், அதனால் வைகை நேரத்துக்குப் போயிற்று. அதை வேகத்தின் வெற்றி என்பதைவிட முன்னுரிமையின் வெற்றி என்பதே சரி.

பிறகு வந்த அகலப் பாதை மாற்றத்தை நம்பகத்தின் வரலாற்றில் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும். அத்தியாயத்தின் பெரும்பகுதி வண்டியே இல்லாத காலம். 1992-இல் அறிவித்த ஒரே கேஜ் கொள்கைப்படி பிரதான பாதை 1990-களுக்குள் மாறிவிட்டது. சென்னைக்குப் போகிறவர் கணிசமாகவே பயனடைந்தார். கிளைப் பாதைகளின் கதை வேறு. மதுரை - போடி மீட்டர் கேஜ் 2010 இறுதியோடு மூடப்பட்டது. 1928-இல் திறந்த அந்தப் பாதை ஏற்கெனவே ஒருமுறை, இரண்டாம் உலகப் போரில், தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதால் பத்து வருடத்துக்கு மேல் கிடந்த பாதை. இரண்டாவது தடவையும் அதே விதி. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி என்று துண்டு துண்டாக நகர்ந்து, தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு வருடம்! பத்து நிமிடத் தாமதத்துக்குக் கணக்குக் காட்டும் துறை, பன்னிரண்டு வருடத் தாமதத்தை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. ஏனென்றால் ஓடாத வண்டி பிந்துவதில்லை. பாம்பனிலும் இதேதான். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-இல். நடுவே இரண்டே கால் வருடம் ராமேசுவரம் வண்டிகள் தீவுக்குள் போகாமல் கரைப்பக்கமே நின்று திரும்பின. பழைய பாலத்தில் வண்டி ஓட்டுவது ஆபத்து என்றான பிறகு நிறுத்தியது சரி, ஸ்ரீவைகுண்டத்துக்குச் சொன்ன நியாயம் இங்கும் பொருந்தும். போடிக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அங்கே பாதையைப் பிடுங்கியது இயற்கை அல்ல, நிதி ஒதுக்கீட்டின் வரிசை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று இரட்டைப் பாதை. விழுப்புரம் - திண்டுக்கல் இரட்டைப் பாதை 2018 வாக்கில் முடிந்தது. தெற்கே மதுரை - திருமங்கலம் துண்டும் 2023-இல் சேர்ந்தது. எதிர்வண்டிக்கு ஒதுங்க வேண்டிய தேவை ஒழிந்தது, பாதை முழுக்க மின்சார இன்ஜின். ஒற்றைப் பாதைதான் தாமதத்துக்குக் காரணம் என்பது உண்மையென்றால், வைகை 1977-ஐவிட வேகமாகப் போக வேண்டுமே? போகவில்லை. இன்றும் அது ஏழரை மணி நேரத்தை ஒட்டியே ஓடுகிறது. 2019 மார்ச் 1-இல் வந்த தேஜஸ் எக்ஸ்பிரஸ் ஆறரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து மதுரையைத் தொட்டது. தொடக்கத்தில் அதற்குத் திருச்சி, கொடைரோடு என இரண்டே நிறுத்தம். திண்டுக்கல்லில் நிற்காமல் கொடைரோட்டில் நின்ற அந்த விசித்திரத்தைத் திண்டுக்கல்காரர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, பாதைக்கு வேகத்துக்கான திறன் வந்துவிட்டது. அந்தத் திறனை யாருக்குக் கொடுப்பது என்பதே மிச்சமுள்ள கேள்வி. வைகை இப்போது மணப்பாறை, ஸ்ரீரங்கம், அரியலூர் என்று நின்று போகிறது. அந்த ஊர்களுக்கு அது நியாயமான பங்கு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2023 செப்டம்பரில் திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் வந்தபோது, ஏழு மணிக்கு மேல் கிளம்பிக்கொண்டிருந்த வைகை காலை 6.40-க்குத் தள்ளப்பட்டது. பின்னால் வரும் வேகவண்டிக்கு வழிவிட வேண்டுமே! ஒரு காலத்தில் எல்லா வண்டிகளையும் ஒதுக்கி ஓடிய வைகையே இன்று இன்னொரு வண்டிக்காகத் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறது. இரட்டைப் பாதை கிராஸிங்கை ஒழித்தது, முந்திப்போவதை ஒழிக்கவில்லை. வாய்க்கால் அகலமாயிற்று, தலைமடையும் கடைமடையும் அப்படியே இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் இன்றைய வண்டிகள் பெரும்பாலும் நேரத்துக்கு வருவதாகத்தானே ரயில்வே சொல்கிறது என்பது கடைசி மறுப்பு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வண்டி முடியும் ஸ்டேஷனுக்கு எப்போது வந்தது என்பதை மட்டுமே வைத்து நேரந்தவறாமை அளக்கப்படுகிறது என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2022 அறிக்கையே சுட்டிக்காட்டியது. கடைசி ஸ்டேஷனை மட்டும் அளந்தால், கடைசிக்கு முந்திய துண்டில் தாராளமாக நேரம் ஒதுக்கிவிடுவதுதான் எளிய வழி. ரயில்வேக்காரர்கள் இதை ஸ்லாக் என்பார்கள். ஸ்லாக் வைப்பதே ஏமாற்று என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. தன்னால் முடிந்ததைவிடக் கொஞ்சம் கூட்டி நேரம் சொல்வது பொறுப்புள்ளவன் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த உபரி நேரம் முழுவதையும் கடைசியில் கொட்டி வைத்தால், நடுவழியில் இறங்குகிறவருக்கு அதில் பங்கே இல்லை. அரியலூரிலோ கொடைரோட்டிலோ நாற்பது நிமிடம் பிந்தி இறங்கியவர் பிந்தியதாகவே நேரந்தவறாமைக் கணக்கில் வருவதில்லை, வண்டி மதுரைக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதாகப் பதிவாகும். சந்தேகமிருந்தால் வாசகர்கள் ரயில்வே அட்டவணையை எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோழவந்தானிலிருந்து மதுரை இருபது கிலோமீட்டர் சொச்சம். மதுரையோடு முடிகிற வைகைக்கு அந்தத் தொலைவுக்கு எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், மதுரையிலிருந்து கிளம்புகிற வைகைக்கு அதே தொலைவுக்கு எத்தனை நிமிடம்? எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இருப்பதையும் பார்க்கலாம். தண்டவாளம் ஒருபோதும் போக ஒரு நீளம், வர ஒரு நீளம் என்று இருப்பதில்லை.

ரயில்வேயிடம் கேட்க வேண்டியது இன்னொரு வேகவண்டி அல்ல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி எத்தனை நிமிடம் பிந்தியது என்பதை அளந்து, ஊர்வாரியாக, வண்டிவாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். யாருடைய நேரத்தை எடுத்து யாருக்குக் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். அந்தக் கணக்கைக் கிளைப் பாதைகளிலிருந்து தொடங்கினால் நல்லது. மதுரையிலிருந்து தேனி, போடிக்குப் போவதும் மானாமதுரை வழியாக ராமேசுவரத்துக்குப் போவதும் இன்றைக்கும் ஒற்றைத் தண்டவாளங்களே.